கண்வலிப்பூவும் கனகத்தின் ஒன்பது நாளும்

அத்தியாயம் 17

ஒன்பதாவது நாள் விடிந்ததும் அம்சவல்லி செய்த முதல் வேலை, தூங்கிக்கொண்டிருந்த மருமகளின் முகத்தருகே குனிந்து கண்ணைப் பார்த்ததுதான்.

கண் மூடியிருந்தது. மூடிய கண்ணில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? ஏமாற்றத்தோடு நிமிர்ந்தவள், பாயை ஒரு தட்டுத் தட்டினாள்.

"எழுந்திரிடி. இன்னிக்கித்தான் கடைசி நாளு."

கனகம் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து மாமியாரிடம் காட்டினாள்.

"நல்லா பாத்துக்கோ அத்தை. பால் மாதிரி கீது."

"சாயங்காலம் சொல்லுடி அத" என்று அம்சவல்லி விறகு எடுக்கப் போய்விட்டாள்.

பென்னலூர்த் தெருவுக்கு இந்தப் பந்தயம் மனப்பாடம். வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷம் முன்பு, ஹைவே ஓரத்துப் புதர்க்காட்டை வெட்டி போல்ட் கம்பெனிக்கு ஷெட் போட்டார்கள். வெட்டுகிறவர்கள் வருவதற்கு முதல் நாள் கனகம் அங்கே போய் ஒரு கிழங்கைத் தோண்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். ஏர்க்கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்த கிழங்கு. படித்தவர்கள் செங்காந்தள் என்பார்கள். ஊரில் அதற்குக் கண்வலிப்பூ என்று பெயர். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது அம்சவல்லிக்கு அவள் அம்மா சொன்னது, அந்த அம்மாவுக்கு யார் சொன்னதோ.

முதல் வருஷம் கிழங்கை நிமிர்த்தி நட்டாள், ஒன்றும் வரவில்லை. காட்டில் அது படுத்த வாக்கில்தானே கிடந்தது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது வருஷம் புருஷன் கன்னியப்பன் ஆசையாக ஒரு காரியம் செய்தான். அதே கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. ஒரு பழைய டிரம்மைப் பாதியாக அறுத்து, "இந்தா கனகு, உன் செடிக்கு" என்று சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். மிஷினுக்கு ஊற்றுகிற கூலண்ட் ஆயில் இருந்த டிரம். அதில் வைத்த செடி பதினைந்தே நாளில் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. கனகம் அழவில்லை. கிழங்கைத் தோண்டிக் கழுவி, ஓலைப்பெட்டியில் மணல் போட்டுப் படுக்கவைத்தாள். டிரம்முக்குள் வைக்கோலைப் போட்டு எரித்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மூன்று மாதம் வெயிலில் காயவிட்டாள். மிச்சமிருந்த மரத்தடிகளில் மக்கிய இலையை அள்ளிவந்து மணலோடு கலந்து நிரப்பி, இரண்டு விரல் ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து மூடினாள்.

வைகாசி கடைசியில் முளை வந்தது. இலை நுனியெல்லாம் சுருண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. ஐப்பசி பிறந்ததும் பூத்தது.

அதே வாரம் ஊருக்குள் மெட்ராஸ் ஐயும் வந்து சேர்ந்தது. அம்சவல்லி கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். "வாசல்ல கண்வலிப்பூவ வச்சிக்கினு ஊர்க் கண்ணையெல்லாம் கெடுக்கிறாளே!" என்று கிளம்பியவளை டிரம்முக்கு முன்னால் நின்று மறித்தாள் கனகம். தெருவே வேடிக்கை பார்க்க, அவள் வாயிலிருந்து அந்தப் பந்தயம் வந்துவிட்டது.

ஒன்பது நாள். தினமும் காலையில் உலை வைத்துச் சோறு பொங்கும் வரைக்கும் அவள் பூவையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கண் வலித்தால் தானே தோண்டி ஏரியில் எறிந்துவிடுவாள், இந்த வீட்டில் இனி ஒரு புல்லும் நடமாட்டாள். வலிக்கவில்லை என்றால் அந்தச் செடியை யாரும் தொடக்கூடாது. வாசலிலிருந்து கிணறு வரைக்கும் உள்ள மண் அவளுடையது, அங்கே அவள் வைத்ததுதான் செடி.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அகப்பையை எந்த ஆணியில் மாட்டுவது என்பதைக்கூட அவள் தீர்மானித்ததில்லை. அவளுக்கு அந்த மண் வேண்டும். அதற்காகக் கண்ணையே வைத்து ஆடினாள்.

அம்சவல்லியும் சும்மா இருக்கவில்லை. மகனைக் கூப்பிட்டு, பூ இருக்கிற பக்கமே திரும்பமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து கன்னியப்பன் கம்பெனிக்குப் போவதும் வருவதும் கொல்லைப்பக்கம்தான். தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, கோழிக்கூட்டைத் தாண்டி, எருக்குழி மேட்டில் ஏறி இறங்கிப் போவான்.

எட்டு நாள் ஓடிவிட்டது. கனகத்தின் கண்ணில் ஒரு சிவப்பு நூல்கூட இல்லை.

வாசலில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்புக் கூட்டியிருந்தாள் அம்சவல்லி. உள்ளே அடுப்பு இருக்கும்போது வெளியே எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, மருமகள் இமை மூடுகிறாளா என்று கண்காணிக்கத்தான். பூவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கனகத்துக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள்.

இன்றைக்குக் காய்ந்த விறகு அடுக்கு அடுக்காக இருக்க, நேற்றைய மழையில் நனைந்த கட்டையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கனகம் வேலியோரம் போய் நின்றாள். கொடியில் ஐந்து பூக்கள். இதழெல்லாம் மேல்நோக்கி வளைந்து, விளிம்பு நெளிநெளியாக, புதுப்பூ பச்சையும் மஞ்சளுமாக, பழைய பூ முழுச் சிவப்பாக. முதலில் பூத்தது சுருங்கத் தொடங்கியிருந்தது. அவள் நடுப்பூவில் பார்வையை நிறுத்தினாள்.

ஈரக்கட்டை எரியாமல் புகைந்தது. காற்று நேரே கனகத்தின் முகத்துக்கு வந்தது. அம்சவல்லி ஊதுகுழலை எடுத்து ஊதினாள். தீ எழும்பவில்லை, புகைதான் எழும்பியது.

"அத்தை, காஞ்ச கட்டை வைக்கக்கூடாதா?"

"இன்னா கட்டை வைக்கிறதுன்னு பந்தயத்துல சொன்னியா?"

சொல்லவில்லை. அது கனகத்தின் தப்புதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. துடைக்கக் கையை உயர்த்தினால் பார்வை மறைந்துபோகும், மாமியார் அதற்கென்றே காத்திருக்கிறாள். ஒரு வழியாகச் சோறு பொங்கியபோது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகியிருந்தது.

அம்சவல்லி எழுந்து மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், குரல் தெருக்கோடி வரைக்கும் போனது.

"முனியம்மா! அடியே முனியம்மா! ஓடியாடி!"

அடுத்த வீட்டு முனியம்மாள்தான் பந்தயத்துக்கு நடுவர். மாமியாரைப் பற்றி மருமகளிடமும் மருமகளைப் பற்றி மாமியாரிடமும் ஒரே அளவு கோள் சொன்னவள் என்பதால் இரண்டு தரப்புக்கும் அவள்மேல் நம்பிக்கை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கனகத்தின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"செவப்பு கீது அக்கா."

"கீதில்ல? நான் சொன்னேனா இல்லியா? எடு கடப்பாரைய!"

"அது பொகை" என்றாள் கனகம். "பச்சக் கட்டைய வச்சி ஊதினா உனக்கும்தான் செவக்கும். மோந்து பாரு, என் பொடவையெல்லாம் பொகை."

முனியம்மாள் அடுப்பைப் பார்த்தாள். கட்டையிலிருந்து இன்னும் நீர் கொதித்து வழிந்துகொண்டிருந்தது. அம்சவல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேளுங்க ரெண்டு பேரும்" என்றாள் நடுவர். "பொகைச் செவப்புன்னா வெளக்கு வைக்கிறதுக்குள்ள போயிடும். கண்ணு நோவுன்னா போவாது, பூளை தள்ளும். வெளக்கு வச்சப்பறம் வந்து பாக்கிறேன். அதுதான் கணக்கு. அதுவரைக்கும் எவளும் கடப்பாரையத் தொடக்கூடாது."

அன்றைய பகல் கனகத்துக்கு நகரவே இல்லை.

உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். தெருவில் வீட்டுக்கு வீடு கண்நோவு. குழாயடியில் கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் மூன்று பேர். இன்றைக்குப் பார்த்துத் தனக்கும் வந்துவிட்டால்? பூவால் வந்ததா ஊரால் வந்ததா என்று யார் கேட்கப்போகிறார்கள்? உடைந்த கண்ணாடித் துண்டை ஜன்னலில் வைத்து நாலு தடவை பார்த்துவிட்டாள். இடது கண் அரித்தது. அரிக்கிறதா, அரிப்பதாக நினைத்துக்கொள்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கை தானாகக் கண்ணுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் முன்புதான் செடியில் கை வைத்திருந்தாள். கிழங்கிலிருந்து விதை வரைக்கும் விஷம். ஆடு கடிக்காமல் இருக்க டிரம்மைச் சுற்றி முள் வைத்திருப்பதும் அதற்காகத்தான். செடியைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் சாம்பலால் கை கழுவாமல் அவள் வேறு எதையும் தொடமாட்டாள். இன்றைக்கும் இரண்டு தடவை கழுவினாள், அப்புறம் பச்சைத்தண்ணீரால் முகத்தில் அடித்துக்கொண்டாள்.

மனசு கேட்காமல் மறுபடியும் வேலியோரம் போனாள். புதுச்சுருள் ஒன்று பிடிமானம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது, குச்சி ஒன்றை ஊன்றி அதன் பக்கம் திருப்பிவிட்டாள். டிரம்மின் அடி ஓட்டைகளில் தண்ணீர் நிற்கிறதா என்று விரலால் துழாவினாள். நின்றால் கிழங்கு அழுகிப்போகும். முதல் பூ சுருங்கி இதழ் வாடித் தொங்கியது. அதைக் கிள்ளிப் போடலாம் என்று கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இதழுக்கு நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சையாக ஒன்று தடித்திருந்தது. காய் பிடித்திருந்தது. நாலு நாள் முன்பு காலையில் ஒரு பூவின் மகரந்தத்தைத் துணி நுனியில் எடுத்து இன்னொன்றில் தடவியிருந்தாள். காட்டில் வண்டு செய்கிற வேலையை வாசலில் யார் செய்வது என்று தோன்றித்தான் செய்தாள். பலிக்கும் என்று நினைக்கவில்லை.

காய் முற்றினால் விதை. விதை இருந்தால் இந்தக் கிழங்கை ஏரியில் எறிந்தாலும் செடி சாகாது. ஆனால் முற்ற இன்னும் இரண்டு மாதம் வேண்டுமே! இன்றைக்குத் தோற்றால் காயும் சேர்ந்துதான் போகும். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கண் சிவக்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கொல்லைப்பக்கம் ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. கோழிகள் அலறின.

"யம்மா! தண்ணி கொண்டாம்மா! கண்ணே தெரியலமா!"

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த கன்னியப்பன் கோழிக்கூட்டின்மேல் விழுந்துகிடந்தான். துண்டு ஒரு பக்கம், சாப்பாட்டுத் தூக்கு ஒரு பக்கம். மாமியாரும் மருமகளும் ஓடினார்கள். சத்தம் கேட்டு முனியம்மாளும் வேலியைத் தாண்டி வந்துவிட்டாள்.

அவன் நிமிர்ந்தான். இரண்டு கண்ணும் வீங்கி, இமை ஒட்டிக்கொண்டு, உள்ளே மிளகாய்ப்பழச் சிவப்பு.

அம்சவல்லி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"பாத்துட்டியாடா? அந்தப் பாழாப்போன பூவப் பாத்துட்டியா?"

"எங்கம்மா பாத்தேன்? ஒம்பது நாளா நான் என் வூட்டு வாசலையே பாக்கல! எருக்குழியில எறங்கி எறங்கி செருப்புகூட அறுந்துபூட்டுது!"

"பொய் சொல்லாத! திருட்டுத்தனமா எட்டிப் பாத்திருப்ப!"

"உன்மேல சத்தியம்மா. பூ இன்னா கலர்னு கேளு, தெரியாது எனக்கு. லைன்ல பதினோரு பேருக்கு வந்துகீது. சூப்ரவைசர் அரக்கோணத்துக்காரன், அவனுக்கும்தான். அவன் இன்னா நம்ம வூட்டுப் பூவ பாக்கவா வந்தான்? எல்லாரையும் லீவு குடுத்து அனுப்பிட்டாங்க."

முனியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலுக்குக்கூட அவ்வளவு நிதானம் வராது.

"அக்கா, எனக்கு ஒண்ணு புரியல. பாக்காதவனுக்கு வந்துகீது. ஒம்பது நாளா கொட்டக் கொட்டப் பாத்தவளுக்கு?"

பெண்கள் இரண்டு பேரும் கனகத்தின் பக்கம் திரும்பினார்கள். கன்னியப்பன் மட்டும் பார்க்க முடியாமல் முனியம்மாளின் குரல் வந்த திசைக்குத் திரும்பினான்.

முனியம்மாள் அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "போயிடுச்சுடி செவப்பு! அக்கா, வந்து பாருங்க, வெள்ளையா கீது."

வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே கும்மாளம் போட்டிருப்பாள். கனகம் முனியம்மாளின் கையை மெதுவாக விலக்கினாள்.

"வெளக்கு வைக்கட்டும் முனியம்மாக்கா. சொன்னது சொன்னதுதான். அப்பால யாரும் ஒரு பேச்சு பேசக்கூடாது."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாசலில் பதினைந்து பெண்கள். முனியம்மாள் பகலெல்லாம் சும்மா இருந்திருப்பாளா? கறுப்புக் கண்ணாடி போட்டவர்களும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கன்னியப்பனை அம்சவல்லி கொல்லையில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்துவிட்டாள், கண்மேல் நந்தியாவட்டைப் பூ.

முனியம்மாள் சிம்னி விளக்கை உயர்த்திப் பிடித்தாள். வலது கண். இமையை இழுத்தாள், மேலே பார் என்றாள், கீழே பார் என்றாள். இடது கண்.

"பூளை இல்ல. வீக்கம் இல்ல. செவப்பு இல்ல" என்று ஏலம் விடுகிறவள் மாதிரி உரக்கச் சொன்னாள். "ஒம்பது நாளும் முடிஞ்சிது. கனகம் ஜெயிச்சா!"

யாரோ கை தட்டினார்கள். யாரோ குலவையிட்டார்கள். கனகம் குனிந்து வாசலைப் பார்த்தாள். நாலு வருஷமாக இந்த வாசலைப் பெருக்கியிருக்கிறாள், கோலம் போட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் அதில் காலை ஊன்றி நிற்கிற மாதிரி இருந்தது. இனி அழுதால் யாருக்கு என்ன என்று நன்றாகவே அழுதாள்.

அம்சவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். கடப்பாரையைத்தான் எடுக்கப்போகிறாள் என்று இரண்டு பேர் நகர்ந்துகொண்டார்கள். அவள் முனியம்மாளின் கையிலிருந்த விளக்கை வாங்கினாள், வேலியோரம் போனாள், பூவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

ஐம்பத்திரண்டு வயசில் அவள் அந்தப் பூவை நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காட்டில் விறகு பொறுக்கிய நாட்களிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடியவள்தான்.

"ஏண்டி" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "ஒரே கொடியில மஞ்சப் பூவு, ஆரஞ்சிப் பூவு, செவப்புப் பூவு. மூணு தினுசு கெழங்கா வச்ச?"

"ஒரே தினுசுதான் அத்தை. நாளைக்கொரு நெறம் மாறும். பச்சையா தொறந்து செவப்பாகி முடியும்."

"இதுக்கா இம்மா நாளு பயந்துக்கினு இருந்தேன்?" அம்சவல்லியின் குரலில் ஒரு வெட்கம். பிறகு வழக்கமான குரல் வந்துவிட்டது. "சரி. வாசல்லேர்ந்து கெணறு வரைக்கும் உன்னுது. ஆனா கெணத்தாண்ட என் கருவேப்பிலை கீது. அதுல கை வச்சே, பேஜாராயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். கனகமும் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் மனசுக்குள் கிணற்றடியில் வரிசையாக விதை போட்டாகிவிட்டது.

அப்போதுதான் அம்சவல்லி வலது கண்ணைக் கசக்கினாள்.

ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. மணல் விழுந்த மாதிரி உறுத்தியது. விளக்கு வெளிச்சத்தில் கண் ஓரம் சிவந்திருந்ததை முன்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"அய்யய்யோ" என்றாள் ஒருத்தி. "இப்பத்தானே பூவப் பாத்தாங்க!"

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. முனியம்மாளே இரண்டடி பின்னால் போனாள். கனகம் வேலியைப் பிடித்துக்கொண்டாள். கையில் வந்த மண் இப்படிக் கண்ணெதிரே போகுமா? மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒன்பது நாளும் தண்ணீரில் கரைந்துவிடும். அம்சவல்லியும் அதை அறிந்தவள்தான். இத்தனை நாள் அவள் கேட்டுக்கொண்டிருந்த வாய்ப்பு, தெருவே பார்க்க அவள் கண்ணிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவள் விளக்கைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எவடி அது பூவச் சொன்னது? முந்தாநாளு என் புள்ள கண்ணுல தூசுன்னு வந்து நின்னான். முந்தானைய உருட்டி வாயில ஊதி ஊதி ஒத்தடம் வச்சவ நானு. அதே முந்தானையில என் மூஞ்சியத் தொடச்சவளும் நானு. இது என் புள்ள குடுத்த கண்ணு நோவு! அதுக்கும் இந்தப் பூவுக்கும் இன்னாடி சம்மந்தம்?"

நம்பின முகமாக ஒன்றும் தெரியவில்லை.

"அத்தை, உள்ள வா. கண்ணு கழுவிவிடறேன்" என்று கனகம் பக்கத்தில் வந்தாள்.

"கிட்ட வராத! உனக்கும் ஒட்டிக்கினா இவளுங்க பூமேலதான் பழிய போடுவாளுங்க. உன் கண்ணு வெள்ளையா இருக்கணும். நானும் அவனும் கொல்லையில படுத்துக்கிறோம். நீ உள்ள தாப்பாப் போட்டுக்கினு தூங்கு."

பிறகு நடுவரைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"முனியம்மா, கேட்டுக்க. நாளைக்கு காலையில இந்த நோவுக் கண்ணோட பூவுக்கு எதிர்ல நான் வந்து நிப்பேன். தெனமும் நிப்பேன். பாத்துக்கினே நின்னு என் கண்ணு தெளியுதா இல்லியான்னு ஊரே வந்து பாக்கட்டும். ஒம்பது நாளு!"

"தெளியலேன்னா?" என்றாள் முனியம்மாள் மெல்ல.

"தெளியும்டி" என்றாள் அம்சவல்லி. "என் மருமக வச்ச பூவு அது."